அவர் கொண்டுவந்த புர்னூசு

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று அவரைக் கண்டதும் என் தம்பிகள் இரண்டு பேரும் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டார்கள். உடப்புசல்லாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அப்போது மூன்று நாளாக விடாத மழை. எங்கள் வரிசை வீடுகள் இருந்த லயத்துக்கு ஏறும் படிக்கட்டில் உயரமான ஓர் ஆள் வந்தார். தோளிலிருந்து கணுக்கால்வரை பழுப்பு நிறத்தில் கம்பளித் துணி ஒன்று தொங்கியது. கைகளே தெரியவில்லை. அதே துணி தலைக்கு மேல் கூரான முக்காடாக நின்றது. முகம் அதற்குள் எங்கேயோ இருந்தது. பின்னால் குடை பிடித்து வந்த அவருடைய அம்மா மட்டும்தான் பார்க்கிற மாதிரி இருந்தார்.

“மாப்பிள்ளைக்கு ஒடம்புக்கு ஏதும் முடியலையா?” என்று என் அப்பா மெதுவாக அம்மாவிடம் கேட்டது காம்பராவுக்குள் இருந்த எனக்குக் கேட்டது.

அவருக்கும் கேட்டிருக்கிறது. வாசலில் நின்றபடி முக்காட்டைப் பின்னால் தள்ளினார். உள்ளேயிருந்து எண்ணெய் தடவி வாரிய தலையும் சிரித்த முகமும் வந்தன.

“நல்லாத்தான் இருக்கேன் மாமா. இது ஆப்பிரிக்காவுல ஆம்பளைங்க போடுறது. புர்னூசுனு சொல்லுவாங்க. மழை உள்ள எறங்காது.”

அப்பா தொட்டுப் பார்த்தார். அம்மாவும் தொட்டுப் பார்த்தாள். நான் தேத்தண்ணி கொண்டு போனபோது பேச்செல்லாம் அந்தத் துணியைப் பற்றித்தான் இருந்தது. என்னை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. அதனால் நான் அவரை நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

அவர் சண்டைக் காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து ஆப்பிரிக்காவில் சாமான் லாரி ஓட்டியவர். திரும்பி வந்ததும் தலவாக்கலைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் டிரைவர் வேலை கிடைத்தது. ஸ்டோரிலிருந்து தேயிலைப் பெட்டிகளை ஸ்டேஷனுக்கு இறக்குவார். வரும்போது அரிசியும் மாவும் ஏற்றி வருவார். இலங்கைக்குச் சுதந்திரம் வந்த மறு வருஷம் தை மாதம் எங்கள் கல்யாணம் நடந்தது. மணவறையில் மட்டும் அந்தப் புர்னூசு வேண்டாம் என்று மாமியார் அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அவரும் பட்டு வேட்டியோடு நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாலி கட்டி முடிந்து கோயிலை விட்டு வெளியே வந்தால் தூறல். யாரிடமோ கொடுத்து வைத்திருந்த புர்னூசை வாங்கி ஒரு பாதியைத் தன் மேலும் மறு பாதியை என் மேலும் போட்டார். கூட்டம் சிரித்தது. உள்ளே பெட்ரோல் வாடையும் ஆட்டு வாடையும் சுருட்டு வாடையும் கலந்து அடித்தன. நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன். வெட்கம் ஒரு பக்கம் இருந்தாலும் குளிரவில்லை.

மலையில் கம்பளி இல்லாத ஆள் கிடையாது. தோட்டத்தில் கொடுக்கிற கறுப்புக் கம்பளியை ஒரு மூலை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டுதான் எல்லோரும் மழையில் மலைக்கு ஏறுவோம். கொழுந்து எடுக்க இரண்டு கையும் வேண்டும். கம்பளி வழுக்கி வழுக்கித் தோளுக்கு வரும். அதை இழுத்து விடுவதிலேயே பாதி நேரம் போய்விடும். அவருடைய புர்னூசு அப்படி வழுக்காது. நெஞ்சுக்கு நேரே ஒரு சாண் அளவுக்குத்தான் தையல். மற்றபடி முழுவதும் ஒரே துணி. தறியிலேயே அரை வட்டமாக நெய்து எடுத்தது என்று சொல்வார். முக்காட்டின் நுனியில் ஒரு சின்னக் குஞ்சம் இருந்தது. இரண்டு பக்கத்தையும் தோளுக்கு மேல் எறிந்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தால் அவர் யாரோ ஒரு ராஜா மாதிரி இருப்பார். லயத்தில் அதற்குக் கூர்க்கம்பளி என்று பெயர் வைத்தார்கள். அவருக்குக் கூர்க்கம்பளி டிரைவர் என்று பெயர் வைத்தார்கள்.

அது எப்படிக் கிடைத்தது என்று கேட்காதவர்கள் தோட்டத்தில் யாருமில்லை. ஸ்டோர் வாசலில் பெட்டி ஏற்றி முடிக்கும்வரை அவர் அந்தக் கதையைச் சொல்வார். பாலைவனத்தில் ஓர் அரபு ராஜாவின் கார் மணலில் புதைந்துவிட்டதாம். பத்து ஒட்டகம் கட்டி இழுத்தும் வரவில்லையாம். இவர் லாரியில் சங்கிலி போட்டு இழுத்துக் கரையேற்றினாராம். ராஜா அழுதுகொண்டே தன் தோளிலிருந்த புர்னூசைக் கழற்றி இவருக்குப் போர்த்தினாராம். சொல்லச் சொல்ல ஒட்டகம் கூடிக்கொண்டே போகும். நான் கல்யாணமாகி வந்தபோது பத்து. அந்த வருஷக் கடைசியில் இருபது.

எனக்கும் அந்தக் கதை பிடித்திருந்தது. ராஜா கையால் போர்வை வாங்கியவரின் பெண்சாதி என்று பீலிக்கரையில் குடத்தோடு நிற்கும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறு வருஷம் என் வயிற்றில் மூத்த மகள். முதல் மூன்று மாதமும் எந்த வாடையும் எனக்கு ஆகவில்லை. அவர் வேலை முடிந்து வந்து புர்னூசை ஆணியில் மாட்டுவார். ஈரக் கம்பளியும் பெட்ரோலும் சேர்ந்து வீசுகிற வீச்சத்தில் நான் எழுந்து வெளியே ஓடுவேன். அந்தச் சமயம் பார்த்து பக்கத்து லயத்தில் சீலைப்பேன் வேறு வந்துவிட்டது. எல்லோரும் துணிகளை அவித்து வெளுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் வெயில் நன்றாக அடித்தது. அவர் புர்னூசை விட்டுவிட்டு ஹட்டனுக்கு லாரி கொண்டு போயிருந்தார். நான் லயத்துக்குப் பின்னால் மூன்று கல் வைத்து, பாதி பீப்பாயில் தண்ணீர் கொதிக்கவிட்டு, சவுக்காரத்தைச் சீவிப் போட்டு, அதை உள்ளே அமுக்கினேன். கம்பளியைப் பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பேனை நினைத்தேன், அந்த வாடையை நினைத்தேன். கட்டையால் அரை மணி நேரம் கிண்டினேன்.

எடுத்துப் பிழியும்போதே என்னவோ சரியில்லை என்று பட்டது. துணி பலகை மாதிரி கனத்திருந்தது. காய்ந்தால் இளகும் என்று வேலியில் விரித்தேன். காயக் காய அது சுருங்கியது. மத்தியானம் எடுத்து என் மேல் வைத்துப் பார்த்தேன். என் இடுப்புக்குக்கூட வரவில்லை.

நான்கு மணிக்கு அவர் வந்தார். வேலிப் பக்கம் பார்த்தார். தையலையும் குஞ்சத்தையும் கிட்டே போய்க்கூடப் பார்க்கவில்லை. நல்ல மனதோடுதான் கேட்டார்.

“நம்ம புர்னூசு மாதிரியே இருக்கே. யாரு வீட்டுப் புள்ளைக்குத் தைச்சாங்க?”

அழுதேன். அதற்குப் பிறகுதான் அவருக்குப் புரிந்தது. கிட்டே போய் அதை எடுத்தார். இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். முக்காட்டுக்குள் கையை விட்டுப் பார்த்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. மடித்துத் தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டு முகம் கழுவப் போனார்.

அடுத்த இரண்டு நாளும் மழை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு லாரிக்குப் போனார். மாமியார்தான் என்னைத் தேற்றினார். “போனா போவுது விடு. பொணத்துக்குப் போத்துன மாதிரி அது ஒண்ணு.” எனக்கு அது தேறுதலாக இல்லை. என் வீட்டுக்காரர் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. சாப்பிட்டார், வேலைக்குப் போனார், வந்தார். அரபு ராஜா கொடுத்ததைக் கெடுத்துவிட்டேனே என்று நான் சோறு இறங்காமல் கிடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்படியில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். அவர் வந்து பலகையைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“ராஜா ஒண்ணும் குடுக்கல புள்ள.”

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“துனிசியானு ஒரு நாடு. நம்ம ஊரு மாதிரியே மலை. மார்கழிக் குளிரு. மழை வேற. லாரி நடு ரோட்டுல நின்னுருச்சு. மத்த வண்டியெல்லாம் போயிட்டாங்க. ஆள் அனுப்புறோம், இருன்னு சொல்லிட்டுப் போனாங்க. எனக்குக் காய்ச்சல். பல்லு அடிக்குது. அப்ப ஒரு பெரியவரு ஆடு ஓட்டிக்கிட்டு வந்தாரு. அவரு பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. என்னைய தொட்டுப் பாத்தாரு. போட்டிருந்த புர்னூசைக் கழட்டி எனக்குப் போட்டுவிட்டாரு. சுள்ளி பொறுக்கி நெருப்பு மூட்டினாரு. பொழுது சாயற வரைக்கும் கூடவே உக்காந்திருந்தாரு.”

“அப்புறம்?”

“ஆட்டை அடைக்கணும் போல. எந்திரிச்சாரு. மேல மெல்லிசா ஒரு நீட்டுச் சட்டை, அவ்வளவுதான். விடிஞ்சதும் வாறேன்னு கையால காட்டிட்டு அந்த மழையில போனாரு. அவரு போயி கொஞ்ச நேரத்துல என்னைய கூட்டிப் போக வண்டி வந்துருச்சு.”

ரொட்டி கருகியது. நான் அதை எடுக்கவில்லை.

“ரோட்டோரத்துல பெரிய கல்லு ஒண்ணு இருந்துச்சு. அது மேல வச்சுட்டு வந்திருக்கலாம். வைக்கணும்னு நெனச்சேன். குளிரா இருந்துச்சு. கழட்டல.”

அதற்குப் பிறகு எத்தனையோ இடத்துக்கு லாரி கொண்டு போனாராம். அந்த ரோட்டுக்கு மறுபடி போகவே முடியவில்லையாம். கூட இருந்தவர்கள் இது ஏது என்று கேட்டபோது வாயில் வந்தது அந்த ராஜா கதை. ஒரு தடவை சொன்னதை மாற்ற முடியாமல் சொல்லிக்கொண்டே இருந்துவிட்டார். “நீ அவிச்சதுல எனக்குக் கோவம் இல்ல. எப்பவாவது, எப்படியாவது திருப்பிக் குடுத்துரலாம்னு ஒரு கிறுக்கு நெனப்பு இருந்துச்சு. அதான்.”

கருகாத ரொட்டியாகப் பார்த்து அவருக்கு வைத்தேன். அவர் பாதியைப் பிய்த்து எனக்குக் கொடுத்தார். அன்றைக்குப் பிறகு ஸ்டோர் வாசலில் யாராவது ராஜா கதை கேட்டால் வேலை இருக்கிறது என்று எழுந்து போய்விடுவார்.

மகள் பிறந்து நடக்க ஆரம்பித்தபோது அந்தச் சுருங்கிய புர்னூசு அவளுக்குச் சரியாக இருந்தது. பலகை மாதிரி இறுகிப் போனதில் காற்றுகூட உள்ளே போகாது. அதைப் போட்டுக்கொண்டு அவள் லயத்து வாசலில் ஓடுவதைப் பார்த்து அவரே சிரிக்க ஆரம்பித்தார்.

ஆனால் அவருக்கு ஒன்று இல்லையே என்பது என் மனதில் கிடந்தது. மகள் வளர்ந்து அது சிறியதானதும் அதை எடுத்துக்கொண்டு தலவாக்கலைக்குப் போனேன். அங்கே ஒரு ஜவுளிக்கடை. முதலாளி முஸ்லிம். தோட்டத்து ஆட்கள் எல்லோரும் தீபாவளிக்கு அவரிடம்தான் துணி எடுப்போம். அவருடைய கடை வாசலிலேயே ஒரு தையல்காரரும் மெஷின் போட்டிருந்தார். இரண்டு பேருமாக அதை மேசையில் விரித்துப் போட்டு ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

“கை இல்ல, கழுத்து இல்ல, பட்டன் இல்ல. இதுல நான் தைக்க என்ன இருக்கு?” என்றார் தையல்காரர்.

“அரை நிலா மாதிரி வெட்டுங்க. முக்காடும் அதோட வரணும். நெஞ்சுல மட்டும் தையல்,” என்றேன்.

“குளிருக்கு ஒரு பட்டனாவது வைக்கிறேனே.”

“வேணாங்க.”

கறுப்புக் கம்பளியில் அவ்வளவு அகலம் கிடையாது. தையல்காரர் இரண்டு கம்பளியை நடு முதுகில் சேர்த்தார். நீளத்துக்கு நான் கையால் காட்டியதை நம்பாமல் முதலாளி கடைக்கு வெளியே போய், லாரியோடு நின்ற என் வீட்டுக்காரரைக் கண்ணாலேயே அளந்துவிட்டு வந்தார். தைத்து முடித்ததை என் வீட்டுக்காரர் தோளில் போட்டபோது அவர் அசையாமல் நின்றார். பிறகு இரண்டு பக்கத்தையும் தோளுக்கு மேல் எறிந்தார். “கனம் கூட,” என்றார். ஆனால் அடுத்த மழையிலிருந்து அதைத்தான் போட்டுக்கொண்டு போனார். அதைப் பார்த்து ஸ்டோர் வாட்சர் ஒன்று தைத்துக்கொண்டார். பிறகு தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற ஆண்கள் நாலைந்து பேர். கத்தியைப் பிடிக்கக் கை தாராளமாக இருக்கிறது என்றார்கள். எங்கள் தோட்டத்து ஆண்களைத் தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும் என்று பக்கத்துத் தோட்டத்தார் கேலி செய்தார்கள்.

இப்படிப் பல வருஷம் போனது. ஒரு நாள் ஜவுளிக்கடை முதலாளி ஹஜ்ஜுக்குப் போகப் போகிறார் என்று கேள்விப்பட்டோம். அன்றைக்கு என் வீட்டுக்காரர் என்னிடம் எதுவும் சொல்லாமல் என்னையும் லாரியில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனார். முதலாளி எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து, தான் ஏதும் தவறாகப் பேசியிருந்தால் மன்னிக்க வேண்டும் என்று கேட்டார். போகிறவர்கள் எல்லோரிடமும் அப்படிக் கேட்டுவிட்டுத்தான் போவார்களாம். என் வீட்டுக்காரர் அந்தக் கையை விடவில்லை.

“முதலாளி, நான்தான் ஒரு மன்னிப்பு கேக்கணும். ஒங்ககிட்ட இல்ல. அங்க வாற ஒரு ஆள்கிட்ட.”

அந்த ஆட்டுக்காரரின் கதையை முழுவதும் சொன்னார். என்னைத் தவிர வேறொருவரிடம் அவர் அதைச் சொன்னது அன்றைக்குத்தான். முதலாளி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

“அந்த மனிசன்ட பேரு தெரியுமா?”

“தெரியாதுங்க.”

“மௌத்தாகியும் இருப்பார். அப்பவே வயசாளி எண்டுறீங்க.”

“தெரியுங்க, செத்துத்தான் போயிருப்பாரு. அவருதான் வேணும்னு இல்ல. அந்த நாட்டுல ஒரு ஆளு. நாங்க ஒண்ணு தைச்சுத் தாறோம். குடுத்துருங்க. அது போதும்.”

முதலாளி என்னைப் பார்த்தார். “ஏலும் தங்கச்சி. எல்லா நாட்டாளும் அங்க வார. நீங்க தாங்க. இது அமானிதம், பத்திரமா கொண்டு போய்ச் சேக்கிறது என்ட பொறுப்பு,” என்றார்.

அந்த வருஷம்தான் எங்கள் தோட்டத்து வெள்ளைக்கார துரை வேலையை விட்டுச் சீமைக்குப் போனார். அவருடைய பெட்டிகளையெல்லாம் ஸ்டேஷனுக்கு இறக்கியவர் இவர்தான். போகும்போது துரைசாணி இவருக்கு இரண்டு நல்ல பழுப்புக் கம்பளிப் போர்வை கொடுத்திருந்தார். போர்த்தாமல் வைத்திருந்தோம். அதில்தான் வெட்டினேன். இந்தத் தடவை தையல்காரரிடம் போகவில்லை. மெஷின் தையல் வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. பத்து நாள், வேலை முடிந்து வெளிச்சம் இருக்கும்வரை இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து கையால் தைத்தேன். நீளத்தில்தான் எங்களுக்குள் சண்டை. அந்தப் பெரியவர் தன் தோளுக்குத்தான் வருவார், இது அதிகம் என்று அவர் சொன்னார். மலைக்குளிருக்கு நீளம் வேண்டும் என்று நான் வெட்ட மறுத்துவிட்டேன். முக்காட்டு நுனிக்குக் குஞ்சம் வேண்டுமே. கல்யாணத்தன்று என் ஜடையில் வைத்த கறுப்புப் பட்டுக் குஞ்சங்கள் மூன்றும் பெட்டியில் இருந்தன. ஒன்றை எடுத்துத் தைத்தேன். “ஆம்பளைக்குப் போய்…” என்று அவர் ஆரம்பித்தார். அப்புறம் விட்டுவிட்டார்.

முதலாளி கப்பலேறிப் போய் மூன்று மாதத்துக்கு மேல் ஆகித் திரும்பி வந்தார். ஹாஜியாரைப் பார்க்கக் கடை நிறைய ஆட்கள். நாங்கள் பஸ்ஸில் போய் வாசலில் நின்றோம். அவர் எங்களைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டு, தட்டில் பேரீச்சம்பழம் வைத்து முன்னால் நீட்டினார்.

“எடுங்க, அங்கத்த ஈத்தம்பழம். முதல்ல சாப்பிடுங்க, சொல்றன்.”

நாங்கள் ஆளுக்கு ஒன்று எடுத்தோம்.

“தைச்ச உடுப்பு உடுக்கக் கூடாத நாள் அங்க இருக்கு. அதெல்லாம் முடியட்டும் எண்டு வச்சிருந்தன். பொறகு கையில போட்டுக்கொண்டு தேடினன். முதல்ல ஒரு ஆள் நான் விக்க வந்தன் எண்டு நெனச்சு விலை கேட்டான். இன்னொருத்தன் மிஸ்ரி, எகிப்து நாட்டாள். மூணாம் நாள் ஒரு கூட்டம், இதே மாதிரி வெள்ளையில உடுத்திக்கொண்டு. அதில ஒரு வயசாளி. துனிசியா எண்டு கேட்டன். தலையாட்டினார். எனக்கு அரபு ஓதத் தெரியும், கதைக்க வராது. அவர் நான் கேட்டத வெளங்கித்தான் தலையாட்டினாரா எண்டு எனக்கு நிச்சயமில்ல. பொய் சொல்ல மாட்டன்.”

“குடுத்தீங்களா?” என்று நான் கேட்டேன்.

“குடுத்தன். கைய வானத்துக்கும் கடலுக்கும் காட்டி, தூரத்துல ஒரு ஆள் தந்த எண்டு சொன்னன். கொளுத்துற வெயில். அந்த வெயிலுக்குள்ள அந்த மனிசன் அத எடுத்துப் போட்டுக்கொண்டார். முக்காட்டையும் இழுத்து விட்டார். கூட வந்தவங்க சிரிச்சாங்க. அவர் சிரிக்கல்ல. கையேந்தி ஒரு துஆ ஓதினார். நான் ஆமீன் சொன்னன். அவ்வளவுதான்.”

என் வீட்டுக்காரருக்குக் கண் கலங்கியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நீளம் சரியா இருந்துச்சுங்களா?” என்று கேட்டார்.

ஹாஜியார் யோசித்தார். “கொஞ்சம் கூட. நெலத்துல பட்ட. கையால தூக்கிக்கொண்டுதான் நடந்தார்.”

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். நான் கடையில் மடித்து வைத்திருந்த சேலைகளைப் பார்த்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஜன்னல் பக்கம் அவர் உட்கார்ந்தார். டிரைவர்களுக்கு ஒரு குணம் உண்டு. அடுத்தவர் ஓட்டும் வண்டியில் தூங்க மாட்டார்கள். அவர் எந்த பஸ்ஸில் ஏறினாலும் காலால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். வளைவு வந்தால் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வார். அன்றைக்குத் தலவாக்கலைப் பாலத்தைத் தாண்டுவதற்கு முன்பே என் தோளில் சாய்ந்துவிட்டார். அவ்வளவு வளைவுக்கும் கண் திறக்கவில்லை. எங்கள் தோட்டத்துக்குத் திரும்பும் முடக்கு வந்தபோது கண்டக்டர் மணி அடித்தார். நான்தான் அவர் கையைத் தட்டி எழுப்பினேன்.

“எறங்கணுங்க. நம்ம எடம் வந்துருச்சு.”